காபுரேற்றர்: இனங்காணலும் சீர்செய்தலும்

க.பொ.த. (சாதாரண தரம்)
பாடம்: வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும்
அலகு: பெற்றோல் எஞ்சினின் எரிபொருள் தொகுதி



எரிபொருள் தொகுதி பற்றிய வினாவுக்கு இரண்டு வகை மாணவர்கள் புள்ளிகளை இழக்கிறார்கள். முதலாம் வகையினர் வரைவிலக்கணத்தை எழுத்துப் பிசகாமல் மனனம் செய்திருப்பார்கள். ஆனால் படத்தில் உள்ளது எந்தக் காபுரேற்றர் என்று கேட்டால் விழிப்பார்கள். இரண்டாம் வகையினர் பாடசாலை விட்டதும் மாமாவின் கராஜில் நிற்பவர்கள். கண்ணை மூடிக்கொண்டு காபுரேற்றரைக் கழற்றிப் பூட்டுவார்கள். ஆனால் விடைத்தாளில் "ஊசி மேலே போனால் பெற்றோல் கூடும்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஏன் மேலே போகிறது என்று எழுதுவதில்லை. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வகுப்புகளில் இந்த இரண்டு வகையினரும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன்.

இந்தப் பாடம் இருவருக்கும் உரியது. இதில் ஒரே ஒரு ஒழுங்கைப் பழகிக்கொள்ளுங்கள்: முதலில் இனங்காண்க, அடுத்து அறிகுறியை வாசிக்க, கடைசியில் திருகாணியைத் தொடுக. வாகனத்துக்கும் வினாத்தாளுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்.

1. இதை ஏன் இன்னும் படிக்க வேண்டும்?

புதிய மோட்டார்க் கார்களில் காபுரேற்றர் இல்லை. அவற்றில் எரிபொருள் உட்செலுத்தல் முறையே உண்டு. இந்தியாவில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை விதியின் பின் அங்கு தயாராகும் மோட்டார் சைக்கிள்களும் அம்முறைக்கு மாறின. ஆயினும் எமது வீதிகளில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பல காபுரேற்றரில் இயங்குபவை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின், மினி, வொக்ஸ்வேகன் பீட்டில், டட்சன் போன்ற பழைய கார்களை இன்றும் பேணிவருவோர் பலர். மொறிஸ் மைனரின் உடற்பகுதித் தகடுகள் 1990களில் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பதும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இருப்பதைச் சீர்செய்து ஓட்டுவதே வழியாயிற்று. 2022 யூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவாக உயர்ந்தது. யூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றரே கிடைத்தது.

ஒரு சிறு கணக்குச் செய்வோம். சீர்கெட்ட காபுரேற்றருடன் ஒரு கார் லீற்றருக்கு 9 கி.மீ. ஓடுகிறது எனவும், சீர்செய்த பின் 12 கி.மீ. ஓடுகிறது எனவும் கொள்க.

20 × 9 = 180 கி.மீ.
20 × 12 = 240 கி.மீ.
வேறுபாடு = 60 கி.மீ.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறத்தாழ 10 கி.மீ. ஆகவே 60 கி.மீ. என்பது மூன்று முறை போய்வரும் தூரம். ஒரு திருகாணியின் சிறு திருப்பம் வீட்டுச் செலவில் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

2. காபுரேற்றர் என்றால் என்ன?

வரைவிலக்கணம்: பெற்றோலைச் சிறு துணிக்கைகளாக்கி, எஞ்சினின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ற விகிதத்தில் வளியுடன் கலந்து, எஞ்சினின் உருளைகளுக்கு வழங்கும் சாதனம் காபுரேற்றர் எனப்படும்.

இதில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன: (அ) துணிக்கைகளாக்கல், (ஆ) தகுந்த விகிதத்தில் கலத்தல், (இ) தேவைக்கேற்ற அளவில் வழங்கல். வரைவிலக்கணம் கேட்கும் வினாவில் இம்மூன்றையும் எழுதுங்கள். "பெற்றோலையும் காற்றையும் கலப்பது" என்று மட்டும் எழுதினால் விடை குறைவானதாகும்.

வரலாற்றுக் குறிப்பு: கார்ல் பென்ஸின் முதலாவது காரில் பெற்றோலின் மேற்பரப்பின் மீது வளியைச் செலுத்தி ஆவியைப் பெறும் முறையே இருந்தது. பெற்றோலைத் தாரையினூடாகச் சீறச்செய்யும் காபுரேற்றரை ஜேர்மனியின் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியின் டொனாட் பாங்கி, யானோஸ் சொங்கா ஆகிய இருவரும் 1893 அளவில் தனித்தனியே உருவாக்கினர்.

3. கலவை விகிதம்

1 கி.கி. பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 கி.கி. வளி தேவை. இது திணிவு விகிதம் என்பதை மறவாதீர்கள். கனவளவில் பார்த்தால், 1 லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9000 லீற்றர் வளி தேவைப்படும். காபுரேற்றரின் வளிக் குழாய் அகலமாகவும் தாரை மிக நுண்ணியதாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

செறிவான கலவை: பெற்றோல் கூடியது, வளி குறைந்தது. குளிர்ந்த எஞ்சினை இயக்கத் தொடங்கும்போதும், உச்ச வலு வேண்டும்போதும் (ஏறத்தாழ 12.5:1 முதல் 13:1 வரை) பயன்படும்.

ஐதான கலவை: பெற்றோல் குறைந்தது; வளி கூடியது. ஒரே சீரான வேகத்தில் சிக்கனமாக ஓடும்போது (ஏறத்தாழ 16:1) பயன்படும்.

4. தத்துவம்

ஒரு குழாயின் ஒடுங்கிய பகுதியினூடாக வளி செல்லும்போது அதன் வேகம் அதிகரிக்கும், அமுக்கம் குறையும். இது பேணூலியின் தத்துவத்தின்படி நிகழ்வது. அந்த ஒடுங்கிய பகுதி வெந்துரி எனப்படும்.

வீட்டில் நுளம்பு மருந்து அடிக்கும் கைப்பம்பைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியைத் தள்ளும்போது, மருந்துப் பேணியிலிருந்து வரும் சிறு குழாயின் வாய்க்கு மேலாக வளி வேகமாக வீசுகிறது. மருந்து மேலேறி நுண்துளிகளாகச் சிதறுகிறது. காபுரேற்றரிலும் இதுவே நடக்கிறது. இங்கே வளியை அசைப்பது கை அன்று, எஞ்சினின் முசலம். உள்ளெடுப்பு அடிப்பின்போது முசலம் கீழிறங்க, உருளையினுள் அமுக்கம் குறைகிறது. வெளி வளி காபுரேற்றரினூடாக உள்ளே பாய்கிறது.

கவனிக்க: "வெற்றிடம் பெற்றோலை இழுக்கிறது" என எழுதுவது பொது வழக்கு. திருத்தமான விடை இதுவாகும்: மிதவை அறையிலுள்ள பெற்றோலின் மீது வளிமண்டல அமுக்கம் தாக்குகிறது, வெந்துரியில் அமுக்கம் அதனிலும் குறைவு, இந்த அமுக்க வேறுபாட்டினால் பெற்றோல் தாரையினூடாகத் தள்ளப்படுகிறது.

5. பகுதிகளும் அவற்றின் தொழில்களும்

கராஜில் வழங்கும் சொல்லை முதலிலும், விடைத்தாளில் எழுதத்தக்க சொல்லை அடுத்தும் தருகிறேன்.

புளோட் – மிதவை: மிதவை அறையில் பெற்றோலின் மட்டத்தை மாறாமல் வைத்திருக்கும்.
நீடில் வால்வு – ஊசி வால்வு: மிதவை உயரும்போது மூடி, தாழும்போது திறந்து, பெற்றோல் வருவதைக் கட்டுப்படுத்தும்.
ஜெற் – தாரை: அளவிட்ட துவாரத்தினூடாகப் பெற்றோலை வெளிவிடும்.
வெந்துரி – ஒடுங்கிய கழுத்து: வளியின் வேகத்தைக் கூட்டி அமுக்கத்தைக் குறைக்கும்.
திரொட்டில் – திரொட்டில் வால்வு: உருளைக்குச் செல்லும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும். அக்ஸிலரேற்றர் மிதியுடன் இணைந்தது.
சோக் – சோக் அமைப்பு: குளிர்ந்த எஞ்சினை இயக்கக் கலவையைச் செறிவாக்கும்.
எயார் கிளீனர் – வளி வடிகட்டி: தூசியைத் தடுக்கும்.

நினைவிற் கொள்க: திரொட்டில் வால்வு கட்டுப்படுத்துவது கலவையின் அளவு. தாரை தீர்மானிப்பது கலவையின் விகிதம். இரண்டையும் மாற்றி எழுதும் மாணவர்கள் அதிகம்.

6. இனங்காணல்

பழைய கார்களின் காபுரேற்றர்களை இரு பெரும் பிரிவுகளாக வகுக்கலாம்.

(அ) நிலையான வெந்துரி வகை

வெந்துரியின் அளவு மாறாது. வேகத்துக்கு வேகம் தேவை மாறுவதால், ஐட்லிங் (சுமையின்றி மெதுவாக ஓடல்), சாதாரண ஓட்டம், திடீர் முடுக்கம் ஆகியவற்றுக்கு வெவ்வேறு தாரைகளும் வழிகளும் இருக்கும். சொலெக்ஸ், செனித், வெபர், ஹிட்டாச்சி ஆகியன இவ்வகையின. வொக்ஸ்வேகன் பீட்டிலில் சொலெக்ஸ், ஒஸ்ரின் ஏ35இல் செனித், டட்சன் 1200இல் ஹிட்டாச்சி பொருத்தப்பட்டு வந்தன.

(ஆ) மாறும் வெந்துரி வகை

வளி செல்லும் வழியின் அளவைக் காபுரேற்றரின் உள்ளே உள்ள ஒரு முசலம் தானாகவே கூட்டிக் குறைக்கும். எஸ்.யு., ஸ்ட்ரோம்பேர்க் சி.டி. ஆகியன இவ்வகையின. மொறிஸ் மைனரிலும் மினியிலும் இருந்தது எஸ்.யு.

எஸ்.யு. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் குடும்பத்தினர் இங்கிலாந்தில் சப்பாத்து வியாபாரம் செய்தவர்கள். ஆரம்ப கால எஸ்.யு. காபுரேற்றரில் முசலத்துக்குப் பதிலாகத் தோலாலான துருத்தியே இருந்தது. 1910இல் கம்பனி நிறுவப்பட்டது. 1926இல் வில்லியம் மொறிஸ் அதை வாங்கினார். மொறிஸ் கார்களில் எஸ்.யு. காணப்படுவதன் காரணம் இப்போது விளங்கும்.

எஸ்.யு. இயங்கும் விதம்: திரொட்டில் திறக்கும்போது முசலத்தின் மேலுள்ள உறிஞ்சல் அறையில் அமுக்கம் குறைகிறது. முசலத்தின் கீழ்ப்பக்கத்தில் வளிமண்டல அமுக்கம் தாக்குவதால் முசலம் உயர்கிறது. அதன் அடியில் பொருத்திய கூம்பு வடிவ ஊசியும் தாரையிலிருந்து மேலே வருகிறது. ஊசியின் மெல்லிய பகுதி தாரையில் நிற்பதால் இடைவெளி கூடி, பெற்றோல் அதிகமாக வெளிவருகிறது. ஆக, வளி கூடும்போது பெற்றோலும் அதற்கேற்பக் கூடுகிறது.

கராஜில் நிற்கும் மாணவர்களே, "ஊசி மேலே போனால் பெற்றோல் கூடும்" என்ற உங்கள் வசனத்துக்கு முன்னும் பின்னும் எழுத வேண்டியவை இவையே. நீங்கள் அறிந்தது பிழையன்று. காரணம் மட்டுமே விடுபட்டுள்ளது.

இனங்காணும் படிமுறை:

1. வளி செல்லும் திசையைப் பார்க்க. மேலிருந்து கீழாகச் சென்றால் கீழ்நோக்கிய வகை (பீட்டில், பெரும்பாலான ஜப்பானியக் கார்கள்). பக்கவாட்டில் சென்றால் கிடை வகை (மொறிஸ் மைனரின் எஸ்.யு.).

2. வடிவத்தைப் பார்க்க. மணியைக் கவிழ்த்தது போன்ற உலோக மூடியும், அதன் உச்சியில் சிறிய திருகு மூடியும் இருந்தால் எஸ்.யு. என ஐயுறலாம். ஸ்ட்ரோம்பேர்க்கும் ஏறத்தாழ அதே தோற்றமுடையது. ஆனால் அதன் மேல்மூடி நான்கு திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். உள்ளே றப்பர் மென்றகடு இருக்கும்.

3. உடலில் வார்க்கப்பட்ட பெயரையும் இலக்கத்தையும் வாசிக்க. சொலெக்ஸ் 30 என்றால் திரொட்டில் துவாரம் ஏறத்தாழ 30 மி.மீ. என்பது பொருள்.

4. எஸ்.யு. ஆயின், மிதவை அறையின் மூடித் திருகாணியின் கீழ் சிறிய உலோக அட்டை உள்ளதா எனத் தேடுக. அதிலுள்ள இலக்கம் அக்காபுரேற்றர் எந்தக் காருக்குச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும்.

5. எச். வகையா, எச்.எஸ். வகையா எனப் பார்க்க. மிதவை அறையின் அடியிலிருந்து தாரையின் அடிக்கு வளையும் மெல்லிய குழாய் சென்றால் அது எச்.எஸ். வகை.

எஸ்.யு. இலக்கத்திலிருந்து துவாரத்தின் விட்டத்தைக் கணிக்கலாம். 1 அங்குலத்துடன், இலக்கத்தின் எட்டில் ஒரு பங்கைக் கூட்டுக.

எச்.எஸ். 2: 1 + 2/8 = 1¼ அங்குலம் = 31.75 மி.மீ.
எச்.எஸ். 4: 1 + 4/8 = 1½ அங்குலம் = 38.1 மி.மீ.

948 க.செ.மீ. மொறிஸ் மைனரில் எச். 2 வகையும், 1962இன் பின் வந்த 1098 க.செ.மீ. மைனரில் எச்.எஸ். 2 வகையும் பொருத்தப்பட்டன.

எச்சரிக்கை: காரின் பெயரைக் கொண்டு காபுரேற்றரை முடிவு செய்யாதீர்கள். ஐம்பது, அறுபது வயதான கார் பல கைகள் மாறியிருக்கும். பஞ்சிகாவத்தையில் கிடைத்த வேறொரு காரின் காபுரேற்றர் அதில் பூட்டப்பட்டிருக்கலாம். கண்ணால் கண்டதையே நம்புங்கள். பரீட்சையிலும் படத்தில் உள்ளதைப் பார்த்தே விடை எழுத வேண்டும். நீங்கள் பாடமாக்கிய படத்தை நினைத்து எழுதக்கூடாது.

7. இனங்காணாமல் திருகினால் என்ன?

இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி இது. மூன்று வகைத் திருகல்களை ஒப்பிடுங்கள்.

கலவைத் திருகாணி (திரொட்டிலுக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள வழியைக் கட்டுப்படுத்துவது): உள்ளே திருகினால் கலவை ஐதாகும்.

வளித் திருகாணி (வளி வடிகட்டிப் பக்கம் இருப்பது, பல மோட்டார் சைக்கிள் காபுரேற்றர்களில் காணலாம்): உள்ளே திருகினால் வளி குறைந்து கலவை செறிவாகும்.

எஸ்.யு. தாரைச் சுரை (காபுரேற்றரின் அடியில் இருப்பது): மேல்நோக்கித் திருகினால் தாரை உயர்ந்து கலவை ஐதாகும்; கீழ்நோக்கித் திருகினால் செறிவாகும்.

முதலிரண்டிலும் கை செய்வது ஒரே செயல், விளைவோ நேர்மாறு. ஆகவேதான் இனங்காணலை முதற்படியாக வைத்தேன்.

8. சீர்செய்தல்

காபுரேற்றரைக் குற்றஞ்சாட்டும் முன் மற்றவற்றைச் சரிபார்க்க வேண்டும். தீப்பொறி பலவீனமானால் எக்காபுரேற்றராலும் எஞ்சினைச் சீராக ஓட்ட முடியாது.

முன்னாயத்தம் (மொறிஸ் மைனர் 1098 உதாரணமாக):

தீப்பொறிச் செருகியின் இடைவெளி: 0.025 அங்குலம் (0.64 மி.மீ.)
டிஸ்ரிபியூற்றர் தொடுகை முனைகளின் இடைவெளி: ஏறத்தாழ 0.015 அங்குலம் (0.38 மி.மீ.)
வால்வு (டபட்) இடைவெளி: 0.012 அங்குலம் (0.30 மி.மீ.)
வளி வடிகட்டி சுத்தமாக இருத்தல்; உள்ளெடுப்புக் குழாய் இணைப்புகளில் வளிக்கசிவு இல்லாதிருத்தல்.
எஞ்சின் வழமையான இயங்கு வெப்பநிலையை அடைந்திருத்தல். சோக் முற்றாகத் தள்ளப்பட்டிருத்தல்.

எஸ்.யு. சீர்செய்யும் படிமுறை:

படி 1: எஞ்சினை நிறுத்திய நிலையில், காபுரேற்றர் முசலத்தை விரலால் உயர்த்தி விடுக. "டிக்" என்ற ஒலியுடன் தடையின்றி விழ வேண்டும். தடங்கினால் தாரை நடுவில் இல்லை, அல்லது அழுக்குச் சேர்ந்துள்ளது.

படி 2: உச்சியிலுள்ள மூடியைக் கழற்றித் தணிப்பானின் எண்ணெயைச் சரிபார்க்க. இந்த எண்ணெய், திடீரென மிதியை அழுத்தும்போது முசலம் சடுதியாக உயர்வதைத் தடுத்து, சிறிது நேரம் கலவையைச் செறிவாக வைத்திருக்கும். எண்ணெய் இல்லாத கார், மிதியை அழுத்தியதும் தயங்கி உதறும்.

படி 3: கலவை முற்றாகக் குழம்பியிருந்தால், தாரை காபுரேற்றர்ப் பாலத்துடன் சமமட்டமாகும் வரை சுரையை மேலே திருகி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்றுகள் கீழே கொண்டுவருக. இது தொடக்க நிலை மட்டுமே.

படி 4: எஞ்சினை இயக்கி ஐட்லிங் வேகத்தைத் திரொட்டில் திருகாணியால் சீராக்குக.

படி 5: தாரைச் சுரையை ஒவ்வொரு முகமாகத் திருப்புக. அறுகோணச் சுரைக்கு ஆறு முகங்கள். ஒரு முகம் 60 பாகை. எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் நிலையைக் காண்க.

படி 6: முசலத்தை உயர்த்தி ஊசியால் ஏறத்தாழ 0.8 மி.மீ. மட்டும் உயர்த்திச் சோதிக்க.
வேகம் கூடி அப்படியே நின்றால்: கலவை செறிவு.
வேகம் உடனே விழுந்து எஞ்சின் நிற்கப் பார்த்தால்: கலவை ஐது.
வேகம் ஒரு கணம் சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால்: கலவை சரி.

படி 7: ஐட்லிங் வேகத்தை மீண்டும் சரிபார்க்க.

சொலெக்ஸ், செனித் வகைகளில் கலவைத் திருகாணியை மெதுவாக முற்றாக உள்ளே திருகி, ஏறத்தாழ 1½ சுற்று வெளியே எடுத்துத் தொடங்குவது வழக்கம். இறுக்கித் திருகினால் ஊசி முனை பழுதாகும். பின்னர் ஐட்லிங் திருகாணியையும் கலவைத் திருகாணியையும் மாறி மாறிச் சிறிதளவு திருப்பிச் சீரான ஓட்டத்தைப் பெறுக.

விதி: ஒரு நேரத்தில் ஒரு திருகாணி. திருப்பிய அளவைக் குறித்து வைக்க. இரண்டைச் சேர்த்துத் திருப்பினால் எதனால் மாற்றம் வந்தது என்பது தெரியாமற் போய்விடும்.

9. அறிகுறிகளை வாசித்தல்

செறிவான கலவை: கரும்புகை, பெற்றோல் மணம், செருகி முனையில் உலர்ந்த கரிப்படிவு, எரிபொருட் செலவு அதிகம்.
ஐதான கலவை: காபுரேற்றர் வழியே "டப்" என்ற வெடிப்பு, முடுக்கத்தில் தயக்கம், எஞ்சின் மிகச் சூடாதல், செருகி முனை வெளிறியிருத்தல்.
சரியான கலவை: சீரான ஓட்டம், செருகி முனை இளம் மண்ணிறம்.
காபுரேற்றரிலிருந்து பெற்றோல் வழிதல்: ஊசி வால்வில் அழுக்கு, அல்லது மிதவை துளைபட்டுப் பெற்றோல் புகுந்து அமிழ்ந்திருத்தல்.

கொழும்பின் வெப்பம்: பிற்பகலில் காலி வீதி நெரிசலில் கார் நின்று நின்று செல்லும்போது, எஞ்சின் வெப்பத்தால் எரிபொருட் குழாயிலுள்ள பெற்றோல் ஆவியாகிப் பாய்ச்சலைத் தடுக்கலாம். இது ஆவி அடைப்பு எனப்படும். இதற்குத் திருகாணியைத் தொட வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்தி ஆறவிட வேண்டும். குழாய் சூடான பகுதிகளைத் தொட்டுச் செல்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

நுவரெலியாவின் உயரம்: நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு வளியின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. வெள்ளவத்தைக் கடற்கரையில் சரியாகச் சீர்செய்த காபுரேற்றர், அங்கு சென்றதும் செறிவான கலவையைத் தரும், வலுவும் குறையும். கார் பழுதாகிவிட்டது என்று மலையில் வைத்துத் திருகத் தொடங்கினால், கொழும்புக்குத் திரும்பியதும் கலவை ஐதாகிவிடும்.

10. பாதுகாப்பு

கலவை செறிவானால் பெற்றோல் முற்றாக எரியாமல் காபனோரொட்சைட்டு அதிகம் உண்டாகும். இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் சேர்ந்து ஒட்சிசன் செல்வதைத் தடுத்து உயிரைப் பறிக்கும். கொட்டாஞ்சேனைச் சந்துகளில் கார் நிறுத்துமிடங்கள் பல மூன்று பக்கமும் சுவரால் அடைபட்டவை. கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுச் சீர்செய்யவே கூடாது. காரைத் திறந்த வெளிக்குத் தள்ளிச் சென்று செய்க. புகைத்தல் கூடாது, சிந்திய பெற்றோலைத் துடைத்த பின்பே எஞ்சினை இயக்குக, தீயணைப்பானை அருகில் வைத்திருக்க, வயது வந்த ஒருவர் உடனிருக்க வேண்டும்.

எமது நாட்டில் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறையில் உள்ளது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெற அதன் சான்றிதழ் தேவை. பெற்றோல் வாகனத்தில் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபன்களும் அளக்கப்படும். கலவையைச் சரியாக வைத்திருப்பது சட்டத் தேவையுமாகும்.

11. விடை எழுதும் முறை

வினா: எஸ்.யு. காபுரேற்றரில் அக்ஸிலரேற்றர் மிதியை அழுத்தும்போது பெற்றோலின் அளவு எவ்வாறு அதிகரிக்கிறது என விளக்குக.

குறைவான விடை: மிதியை அழுத்தினால் ஊசி மேலே போய்ப் பெற்றோல் கூடும்.

நிறைவான விடை: மிதியை அழுத்தும்போது திரொட்டில் வால்வு திறக்கும். உறிஞ்சல் அறையில் அமுக்கம் குறையும். வளிமண்டல அமுக்கத்தினால் முசலம் உயரும். அதனுடன் கூம்பு ஊசியும் உயர்வதால் தாரையின் இடைவெளி அதிகரிக்கும். ஆகவே, அதிகரித்த வளிக்கேற்ப அதிக பெற்றோல் வெளிவரும்.

இரண்டாவது விடையில் ஐந்து வசனங்கள். ஒவ்வொன்றும் முன்னைய வசனத்தின் விளைவு. நீண்ட வசனம் தேவையில்லை. காரணச் சங்கிலி அறுபடக்கூடாது.

12. பயிற்சி வினாக்கள்

1. திரொட்டில் வால்வின் தொழில், (1) கலவை விகிதத்தை மாற்றல் (2) கலவையின் அளவைக் கட்டுப்படுத்தல் (3) பெற்றோல் மட்டத்தைப் பேணல் (4) வளியை வடித்தல்.
2. எச்.எஸ். 6 காபுரேற்றரின் துவார விட்டத்தை மி.மீ. இல் காண்க. (1 அங்குலம் = 25.4 மி.மீ.)
3. ஒரு காரில் கரும்புகை வருகிறது. காபுரேற்றரைச் சீர்செய்ய முன் சரிபார்க்க வேண்டிய இரண்டைத் தருக.
4. வளித் திருகாணியை உள்ளே திருகினால் கலவைக்கு என்ன நேரும்? காரணம் தருக.
5. வெள்ளவத்தையில் சீராக ஓடிய கார் நுவரெலியாவில் வலுக்குறைந்து ஓடுவதற்குக் காரணம் யாது?

விடைகள்

1. (2)
2. 1 + 6/8 = 1.75 அங்குலம், 1.75 × 25.4 = 44.45 மி.மீ.
3. வளி வடிகட்டி அடைபட்டுள்ளதா, சோக் முற்றாகத் தள்ளப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். (மிதவை அறையின் பெற்றோல் மட்டமும் ஏற்கத்தக்கது.)
4. செறிவாகும். வளியின் அளவு குறைவதால் பெற்றோலின் பங்கு கூடுகிறது.
5. உயரம் கூட வளியின் அடர்த்தி குறைகிறது. உருளைக்குச் செல்லும் வளியின் திணிவு குறைவதால் வலு குறைகிறது, கலவையும் செறிவாகிறது.

மாணவர்களே, கராஜில் கற்ற பிள்ளைக்கு இப்பாடத்தில் கிடைக்கும் ஒரு சித்தி சிறிய விடயமன்று. மருதானைத் தொழினுட்பக் கல்லூரிக்கோ, மொறட்டுவையிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவகத்துக்கோ, 2013இல் தொடங்கிய உயர்தரத் தொழினுட்பத் துறைக்கோ செல்ல விரும்புவோரிடம் முதலில் கேட்கப்படுவது பரீட்சைப் பெறுபேறுதான். கையில் படிந்த எண்ணெயை அங்கு யாரும் பார்ப்பதில்லை. கைக்குத் தெரிந்ததைத் தாளில் எழுதப் பழகுங்கள். தாளில் மட்டுமே தெரிந்தவர்கள், இந்த வார இறுதியில் அயலிலுள்ள ஒரு கராஜுக்குப் போய், அனுமதி கேட்டு, ஒரு காபுரேற்றரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பகுதி 5இலுள்ள ஏழு பெயர்களில் எத்தனையை அங்கே தொட்டுக் காட்ட முடிகிறது என்று எண்ணிப் பார்த்து, விடுபட்டவற்றை மீண்டும் படியுங்கள்.